ஒன்பதாவது ஃப்ளாப்பிக்கு வைத்த சந்தனம்

பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். தெருமுனை வரைக்கும் போன பிறகு, இழுத்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். கேஸ் சிலிண்டர், மோட்டார் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இப்படிப்பட்டவன் வீட்டுக்குள் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு லேப்டாப் வந்து சேர்ந்தது. அதுவும் எங்களுடையது அல்ல, இரவல். பயமே அதுதான்.

கணபதி என்கிற ஊர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். இரண்டே அறை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லேத் பட்டறைக்குப் போனவன். பம்பு செட்டுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைவது என் வேலை. என் மனைவி கோபிப் பக்கத்துக்காரி. பிளஸ் டூ முடித்து, தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள். டவுன்ஹால் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில், கம்ப்யூட்டரில் தமிழ் அடித்து அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கிற வேலையில், நாலு வருஷமாக இருந்தாள்.

அப்போது அவளுக்கு அஞ்சாம் மாசம். அதற்கு முந்தியது நாலாம் மாசத்திலேயே கலைந்துபோயிருந்தது. அதனால் டாக்டரம்மா இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் குலுங்கக் கூடாது, படி ஏறக் கூடாது, கட்டிலை விட்டு அதிகம் இறங்கவே கூடாது. "அப்ப என்ற வேலைங்க?" என்று இவள் கேட்டாள். "படுக்கறதுதான் இப்ப உன் வேலை" என்று பதில் வந்தது. ஆட்டோவில் திரும்பினோம். வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள்:

"நாலு மாசம் சும்மா படுத்திருந்தா நான் வெறும் சீக்காளிங்க. வேற ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தை டி.டி.பி. சென்டர் முதலாளியம்மாவுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. அந்த வாரக் கடைசியில் அவரே ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுப் போன பழைய லேப்டாப்பைக் கையில் கொண்டுவந்திருந்தார். சாம்பல் நிறம், ரெண்டு செங்கல் கனம். கூடவே ஒரு கட்டுக் கையெழுத்துத் தாள்.

"படுத்துட்டே அடி கண்ணு. பம்பு கம்பெனிக்கு உதிரிபாகப் புத்தகம், தமிழ்ல கேக்கறாங்க. தீபாவளிக்குள்ள அச்சுக்குப் போகோணும்" என்றார். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்தார். உள்ளே பதிமூன்று ஃப்ளாப்பி. "மெஷினுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இதுல இருந்துதான் எல்லாத்தையும் மறுபடி ஏத்தோணும். மெஷினோட வந்த செட்டு. வேற கிடையாது. பத்திரமுங்க தம்பி."

பத்திரம் என்கிற வார்த்தையை என்னிடம் சொல்லவே கூடாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் லேத் பேரிங் சூடாகிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல, வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன்.

"காய்ச்சல் இருக்குதுங்களா?" என்று அவள் கட்டிலில் இருந்தே கேட்பாள். "கம்பௌண்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல ரசஞ்சோறு குடுத்துப் பாக்கலாமுங்களா?"

அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. தலையணையை முதுகுக்குக் கொடுத்து, மடியில் பலகை வைத்து, அதன் மேல் மெஷினை வைத்து அடித்துக்கொண்டே இருப்பாள். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, அடித்ததையெல்லாம் வேறொரு ஃப்ளாப்பியில் எடுத்து ஆபீஸுக்குக் கொடுத்தனுப்புவாள். கொண்டு போவது நான். சட்டைப் பையில் வைத்தால் வேர்வை பட்டுவிடும் என்று டிபன் கேரியர் மேல்தட்டில் வைத்துக் கொண்டு போவேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குப் புதன்கிழமை.

பட்டறைக்காரர்களுக்கு அந்த நாளில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஆயுதமும் ஓடக் கூடாது. கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் கையால் தொடக் கூடாது. ஒரு வருஷம் அவசர ஆர்டர் என்று எங்கள் பட்டறையில் பூஜையன்று ஒரு மெஷினை ஓட்டினார்கள். ஓட்டியவருக்கு அடுத்த வாரமே கட்டைவிரல் போனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எங்களில் யாருமே சொல்லவில்லை. எனக்கா, கேட்கவே வேண்டாம்.

பட்டறைப் பூஜை மத்தியானம். வீட்டுப் பூஜையைக் காலையிலேயே முடித்துவிடலாம் என்று என் வெர்னியர், ஸ்பேனர், அரிவாள்மனை, சைக்கிள் பம்பு எல்லாவற்றையும் கழுவி வைத்தேன். உள்ளறையில் அவள் நல்ல தூக்கம். சன்னலோரம் மேசை மேல் லேப்டாப் திறந்தபடி இருந்தது. அதுவும் ஆயுதந்தானே, அவளுக்குச் சோறு போடுகிற ஆயுதம், எடுத்து வைப்போம் என்று போனேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றாக நிறம் மாறிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து கிறுகிறுவென்று ஒரு சத்தம். மேலே இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டத் தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. ஆள் பக்கத்தில் இல்லாமல் தானாக ஓடுகிற மெஷினைப் பார்த்தால் பட்டறைக்காரன் கை சுவிட்சைத்தான் தேடும். அதுவும் பூஜையன்று. அதுவும் வயிற்றில் பிள்ளையோடு அவள் தூங்குகிற அறையில்.

எழுப்பிக் கேட்டிருக்கலாம். தூக்கம் கெடக் கூடாது என்று நினைத்தேன். கரண்ட் ஒயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை, கட்டங்கள் பாட்டுக்கு மாறின. மெஷினைத் திருப்பி, டார்ச் லைட்டுக்குக் கழட்டுவது போல அடியில் இருந்த பேட்டரியைக் கழட்டிவிட்டேன். டிக்கென்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி. என் மனசும் அமைதியாயிற்று. வெட்கக்கேடு, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூடிக்கு மூன்று சந்தனப் பொட்டு, குங்குமம். ஃப்ளாப்பிகளுக்கும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் காகிதம் ஒட்டிய இடத்தில் ஒரு பொட்டு. ஒன்றில் மட்டும், ஓரத்தில் நகர்கிற தகரத் தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். உள்ளே காப்பி நிறத்தில் பளபளவென்று ஒரு ஏடு. அடடா, ஆயுதம் இதுதான், மற்றதெல்லாம் உறை என்று தோன்றியது. அதற்கு நேராகவே ஒரு துளி சந்தனம் வைத்தேன். அப்போது பக்கத்து வீட்டு அக்கா பொரி கேட்டுக் கூப்பிட்டார். தகட்டை விட்டதும் அது தானாக மூடிக்கொண்டது. மற்றவற்றை இப்படித் திறந்து பார்க்காமல் எழுந்தது என் அதிர்ஷ்டம்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் பேட்டரியை மறுபடி மாட்டி வைத்துவிட்டேன். அப்புறம் அவள் மெஷினைத் திறந்தாள். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே வரி. அவள் முகம் மாறிப்போயிற்று.

"நேத்துக் காலைல நான் ஒரு வேலை போட்டு வெச்சிருந்தேனுங்க" என்றாள். "மாசம் ஒருக்கா உள்ள இருக்கறத ஒழுங்குபடுத்தோணும்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க. ஆறேழு மணி நேரம் ஓடும். பாதில நிக்கக் கூடாது. பூஜையன்னிக்கு எப்படியும் அடிக்கப் போறதில்ல, அது பாட்டுக்கு ஓடட்டும்னு போட்டுட்டுத் தூங்கிட்டேன். உங்ககிட்டச் சொன்னா ஆறு மணி நேரமும் பக்கத்துலயே நிப்பீங்கன்னு சொல்லல." அப்புறம் கேட்டாள்: "நீங்க எடுக்கறப்ப அது ஓடிட்டு இருந்துதுங்களா?"

பொரித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இல்லியே அம்மணி. தானா நின்னுதான் இருந்துச்சு."

அவளுக்கு அதிர்ச்சி ஆகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதால்தான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி, அவள் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குப் பயம்.

"அப்ப நான்தான் ஏதோ தப்பாப் போட்டுப்போட்டேன்" என்றாள்.

ஆபீஸுக்குத் தகவல் சொன்னதும் பக்கத்து வீட்டு போனுக்கு முதலாளியம்மா கூப்பிட்டார். நான்தான் போய்க் கேட்டேன். சனிக்கிழமை கம்ப்யூட்டர்காரரை அனுப்புகிறேன் என்றார். "வருத்தப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஆனா திங்கக்கிழமைக்குள்ள ஓடலேன்னா மெஷினை வாங்கிக்கறேனுங்க தம்பி. வேலைய வேற எடத்துல குடுத்தாகோணும். எனக்கும் வேற வழியில்ல" என்றார். அவர் மேல் தப்பில்லை. வந்து அப்படியே அவளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வியாழன் ராத்திரிச் சோறு அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை அரை டம்ளர் பால். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாசற்படி வரை வருவேன். கட்டிலில் அவள் முதுகு தெரியும். சொம்பை எடுக்க வந்தவன் மாதிரி சொம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அந்த ரெண்டு நாளில் அந்தச் சொம்பை நான் கழுவிய மாதிரி யாரும் கழுவியிருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர்காரர் மதுக்கரையில் இருந்து மொபெட்டில் வந்தார். என்னை விட நாலஞ்சு வயசு சின்னவர். கழுத்தில் சின்னச் சிலுவை. மூடி மேல் இருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க ஊட்டுல பூஜை இல்லீங்ணா. ஆனா நான் போற ஆபீஸ்ல பாதி மானிட்டருக்கு நெத்தில பட்டை இருக்கும். அழிச்சா அடிக்க வருவாங்க" என்றார்.

முன்னறையில் மேசையைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளறைக் கதவு திறந்தே இருந்தது. அவள் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிக் குரல் கொடுத்தார்:

"அக்கா, ஒண்ணும் எந்திரிக்கல. அழிச்சுப்போட்டு முதல்ல இருந்து ஏத்தறதுதான் வழி. உள்ள இருக்கறதெல்லாம் போயிருமுங்க. சரிங்களா?"

"பத்து நாள் அடிச்சதுதான் இருக்குதுங்க சார். மத்ததெல்லாம் ஆபீஸ்ல குடுத்தாச்சு" என்றாள். அப்புறம் சொன்னாள்: "அழிச்சிருங்க."

பத்து நாள். அவள் விரல் வீங்க அடித்த பத்து நாள். அவர் ஒரு பட்டனைத் தட்டினார். அவ்வளவுதான்.

அப்புறம் முதல் ஃப்ளாப்பியைப் போட்டார். கர்ர், கர்ர் என்று அரைத்தது. முடிந்ததும் அடுத்ததைக் கேட்டது. அவர் ஏதோ கோயில் பாட்டை, அவர்கள் சர்ச்சுப் பாட்டாக இருக்க வேண்டும், மூக்காலேயே பாடிக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டார். நான் நம்பர்படி எடுத்து எடுத்துக் கொடுத்தேன். லேத்தில் டூல் நன்றாக வெட்டும்போது ஒரு சத்தம் வரும். அதே மாதிரி ஒரே சீராக அந்த மெஷினும் அரைத்தது. எட்டு வரைக்கும் அப்படித்தான்.

ஒன்பதாவதில் சத்தம் மாறிற்று. டூல் மழுங்கினால் வருகிற சத்தம். அவர் பாட்டு நின்றது. திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. எடுத்துப் போட்டார், அதே. ஊதிப் போட்டார், அதே. தகட்டைத் தள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இதுக்குள்ள சந்தனம் வெச்சது யாருங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையில் இருந்து அவள் குரல் வந்தது.

"அதையும் நான்தான் ஏதாச்சும் பண்ணியிருப்பேனுங்க சார். என்ற கைல இப்பெல்லாம் எதுவுமே நிக்கறதில்லைங்க."

அவள் ஃப்ளாப்பியைச் சொல்லவில்லை. எனக்கு அது உடனே புரிந்தது. ரெண்டு நாளாக அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, போன தடவை கலைந்ததில் தொடங்கி எதையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கிறாள் என்பதும் புரிந்தது. கால் தானாக உள்ளறைக்குப் போயிற்று.

"அம்மணி, நான்தான்" என்றேன். "சந்தனம் வெச்சது நான். அது மட்டுமில்ல. மெஷின் ஓடிட்டுதான் இருந்துச்சு. பூஜையன்னிக்கு ஓடக் கூடாதுன்னு பேட்டரியக் கழட்டிப்போட்டேன். நீ ஒண்ணுமே பண்ணல. உன்ற கைல ஒரு குத்தமும் இல்ல."

அவள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முன்னறையில் கம்ப்யூட்டர்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"மூணு நாளா அழுதுட்டு இருக்கறேன். பாத்துட்டேதான் இருந்தீங்களா?"

நான் கட்டிலோரம் இருந்த சொம்பை எடுக்கக் குனிந்தேன்.

"போய் அந்த மெஷினப் பாருங்க போங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டர்காரர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "வேற செட்டும் இல்லைங்கறீங்க. ஒரு வழி இருக்குதுங்ணா. உறையப் பிரிச்சு, அந்த ஏட்டை மட்டும் எடுத்து அலசிக் காயவெச்சு, வேற நல்ல உறைல போட்டுப் பாக்கலாம். கேள்விப்பட்டிருக்கறேன். செஞ்சதில்ல. மடங்கிருச்சுன்னா அவ்வளவுதான். என்ற கை அதுக்கு ஆகாதுங்ணா, இப்பவே ஆடுது."

என் கையைப் பார்த்தேன். பூட்டை மூன்று தடவை இழுக்கிற கை. ஆனால் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குகூடப் பிசகாமல் ஷாஃப்ட் கடைகிற கையும் அதுதான். லேத் முன்னால் நிற்கும்போது மட்டும் எனக்குப் பயம் வராது. ஏனென்று இன்றைக்கும் தெரியாது.

"நான் பண்றேனுங்க" என்றேன்.

சவரப் பிளேடால் உறையின் ஓரத்தைப் பிரித்தேன். ஏட்டின் நடுவில் இருந்த இரும்பு வட்டத்தை மட்டும் பிடித்து எடுத்தேன். அதை அலச, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர்தான் நல்லது என்றார் அவர். வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். அதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சிறுவாணித் தண்ணி குடத்துல இருக்குது. அத விடவா?"

என்னிடம் சொன்னதா அவரிடம் சொன்னதா தெரியவில்லை. கம்ப்யூட்டர்காரர், "அதுவும் நெசந்தாங்க்கா" என்றார். உப்புக் கறை படியாத அந்தச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஏட்டைத் தேய்க்காமல் வட்டமாக அலசினேன். மஞ்சளாக ஒரு கோடு கரைந்து இறங்கிற்று. என்னுடைய பக்தி மொத்தமும் அவ்வளவுதான், அரைச் சொட்டு. நடு வட்டத்தை ஒரு பென்சில் முனையில் கோர்த்து, ஃபேனுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டே நின்றேன். தோள் கடுத்தது. அவர் அதற்குள் காது குடைகிற பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெஷினின் வாயைத் துடைத்து வைத்தார். காய்ந்ததும் ஒரு புது ஃப்ளாப்பியைப் பிரித்து, அந்த உறையில் இந்த ஏட்டை வைத்து ஓரத்தை ஒட்டினேன்.

"போடுங்ணா. நீங்களே போடுங்க" என்றார்.

போட்டேன். கர்ர் என்றது. நின்றது. என் உயிரும் அங்கேயே நின்றது. மறுபடி கர்ர். அப்புறம் சீராக அரைக்க ஆரம்பித்தது. திரையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. "டூல் பிடிச்சிருச்சு" என்றேன். அவருக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் பாட்டை விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். சாயங்காலம் நாலு மணிக்குப் பதிமூன்றும் முடிந்து, தமிழ் எழுத்தும் ஏற்றி, மெஷினை அவள் மடியில் கொண்டுபோய் வைத்தார். அவள் ஒரு வரி அடித்துப் பார்த்தாள். அவருக்குக் காப்பியும் பொரியும் கொடுக்கச் சொன்னாள். எனக்கு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு நாற்காலியைக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தேன். போன பத்து நாள் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் படிக்கறேன், நீ அடி. குனிஞ்சு குனிஞ்சு பாக்க வேண்டாம்" என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தத் தாளில் இருந்ததெல்லாம் நான் கடைந்து கடைந்து பார்த்த சாமான்கள். மோசமான கையெழுத்தில் முக்கால் எழுத்து தெரிந்தாலே பேர் எனக்குத் தெரிந்துவிடும். படித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் "அடுத்தது" என்பாள். அதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானம் வரைக்கும் அப்படியே.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது ஒரு வரியில் எனக்கு நாக்கு நின்றது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைப் பிடிக்கிற நட்டு. அது இடது மரை. மற்ற நட்டுக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். தாளில் வலது மரை என்று எழுதியிருந்தது. தாள் எழுதியவர் கம்பெனிக்காரர், படித்தவர். நான் எட்டாவது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததன் பலனையும் பார்த்தவன்தானே.

"அம்மணி, இங்க தப்பா இருக்குது" என்றேன். "இது இடது மரை. இப்படியே அச்சாச்சுன்னா தோட்டத்துக்காரன் வலுக்கட்டாயமாத் திருகி ஷாஃப்டை ஒடிச்சுப்போடுவான்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ரெண்டு நாளில் முதல் தடவை.

"நெசமாலுமேவா?"

"இத்தனை வருஷமா அதைத்தான கடையறேன்."

மாற்றி அடித்தாள். பக்கத்தில் பென்சிலால் ஒரு குறியும் போட்டு வைத்தாள், முதலாளியம்மாவிடம் சொல்ல. அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பரவால்லீங்க. இதையும் மூணு நாள் கழிச்சு, புதன்கிழமைதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அடுத்த வரியைப் படித்தேன்.